பட்டாபிராம் கிளம்பிடுச்சி

வெள்ளானூருக்குக் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் மாடி பால்கனியில் காபியோடு நின்றிருந்தேன். பின்தெருவிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"அம்பத்தூரு, நீ தள்ளு. திருநின்றவூர சாப்ட வுடு. ஏய் பட்டரவாக்கம், இன்னா மொறைக்கிற? ஒதை வாங்குவ!"

மனைவியைக் கூப்பிட்டேன். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். அடுத்ததாக, "ஆவடிக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல" என்றது அந்தக் குரல். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லிச் சொல்லி ஓய்வு பெற்ற யாருக்கோ பழக்கம் விட்டுப்போகவில்லை போலிருக்கிறது என்றாள் மனைவி. எட்டிப் பார்த்தோம். நீல இரும்பு கேட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை வீடு, முன்னால் கொஞ்சம் சிமெண்ட் தரை. அங்கே ஆறேழு நாய்கள் ஆளுக்கொரு தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தன. நடுவில் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண், கையில் கரண்டியோடு நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை. பெயர் விஷயத்தில் அவருக்கு இருந்த கண்டிப்பு அப்படி. எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் தண்ணி கேன் அக்கா. எனக்கு வெறும் அக்கா. நான் இப்போது கோவைக்கு மாறிவந்துவிட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை எங்காவது ஒரு பஸ் கண்டக்டர் வாய் திறந்தால் போதும், எனக்கு உடம்பெல்லாம் குதிக்க ஆரம்பித்துவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

அக்காவிடம் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று இருந்தது. ஆவடி, பட்டாபிராம், முத்தாபுதுப்பேட்டை என்று சுற்றிச் சுற்றித் தண்ணி கேன் போடுவார். அவரே ஓட்டுவார், அவரே தோளில் தூக்கி மாடி ஏறுவார். போகிற வழியில் அடிபட்ட நாய், காய்ச்சலில் கிடக்கிற நாய், யாரோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன நாய் என்று எது கண்ணில் பட்டாலும் வண்டியில் ஏறிவிடும். காலி கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டே அது வெள்ளானூர் வந்து சேரும். ஆஸ்பத்திரி, ஊசி, குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் முடித்து, உடம்பு தேற்றி, நல்ல வீடாகப் பார்த்து அனுப்பிவைப்பார். அதுவரைக்கும் அந்த நாய்க்குப் பெயர், அது கிடைத்த ஊரின் பெயர்தான்.

"நல்லதா ஒரு பேரு வெக்கக் கூடாதாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேரு வெச்சா நம்மளுது ஆய்டும் நைனா. அத்த வளக்கப்போறவங்க வெக்கணும். நம்ம கிட்ட கீற வரைக்கும் அது எங்க ஏறுச்சோ அந்த ஸ்டாப்பிங்கு."

அக்காவால் நிதானமாக எதையும் செய்ய முடியாது. கேனை வைத்துவிட்டுப் படி இறங்கும்போதே அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்துவிடுவார். போனில் பேசினால் போன் தேவையே இல்லை. சந்தோஷம் வந்தால் தொடையில் தட்டுவார், இன்னும் அதிகமாக வந்தால் பக்கத்தில் நிற்பவர் தொடையில் தட்டுவார். எங்கள் குடியிருப்பு எழும்பிய நிலத்தில் அவர் சின்ன வயதில் நாற்று நட்டிருக்கிறார். அதை ஏதோ பெரிய வருத்தமாகச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். "உன் பெட்ரூமு கீற எடத்துல ஒரே அட்டப்பூச்சி நைனா, காலு முச்சூடும் கடிச்சி வெச்சிடும், நல்லவேள பிளாட்டு வந்துச்சி" என்றார்.

ஆனால் நாயை யாருக்குக் கொடுப்பது என்று வந்துவிட்டால் மட்டும் ஆளே மாறிவிடுவார். முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். கேட்டுக்கடியில் எவ்வளவு இடைவெளி என்று காலை விட்டுப் பார்ப்பார். "பொங்கலுக்கு ஊருக்குப் போனா நாய எங்க வுடுவீங்க?" என்பது முதல் கேள்வி. "பக்கத்து வீட்டில்" என்று சொன்னால், உடனே போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்.

அதெல்லாம் தாண்டிப் பாஸ் ஆனவர்களிடம் அவர் கேட்பது ஒரே ஒரு பொருள்தான். ஒரு பழைய போர்வை. துவைக்காத போர்வை. வீட்டில் எல்லோரும் ஒரு வாரம் போர்த்திப் படுத்து, வேர்வை வாடையோடு கொண்டுவந்து தர வேண்டும். நாய் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அதை நாயின் படுக்கையில் விரித்துவிடுவார். அந்த வாடைக்கு மேலேயே அது படுத்து எழுந்து, அதற்கு மேலேயே சாப்பிட்டு, கடைசியில் புது வீட்டுக்குள் நுழையும்போது, "அட, இவங்களா!" என்று அதற்குத் தோன்ற வேண்டும். இதுதான் அக்காவின் கணக்கு. எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பதி வெட்கப்பட்டுக்கொண்டு போர்வையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கவரில் வைத்துக் கொடுத்தார்கள். அக்கா மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதுல கடை வாசனதாம்மா வருது. உன் வாசன எங்க, உன் ஊட்டுக்காரரு வாசன எங்க?"

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நாய்கள் கிளம்பும் நாள் எப்போதும் ஞாயிறு காலைதான். அன்றைக்குத் தெருவே அமர்க்களப்படும். கிளம்புகிற நாய்க்குக் குளியல். வருகிறவர்களுக்குக் கேசரி. மற்ற நாய்களுக்கு ஆளுக்கு ஒரு முட்டை, கிளம்புகிறதுக்கு இரண்டு. யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது. சிந்தினால் அக்கா தெருவில் வைத்தே கேவலப்படுத்துவார். நாயை வண்டியில் ஏற்றியதும் அதற்கு இதுவரை சோறு போட்டவர் முன்னால் வந்து, வண்டியை இரண்டு தட்டு தட்டி, உரக்கச் சொல்ல வேண்டும்: "போலாம் ரைட்!"

அதைச் சொல்லாமல் வண்டியை எடுக்க விடமாட்டார். அவரே சொல்லும்போது பின்தெருவில் மட்டுமல்ல, ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். வண்டி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டே நிற்பார். பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து உலுக்குவார். "திரும்பிப் பாக்குதா? பாத்து சொல்லு, திரும்பிப் பாக்குதா?" பார்க்கவில்லை என்றால் தொடையில் ஒரு தட்டு. அப்புறம் வீட்டுப் பக்கம் திரும்பி, "சீட்டு காலி!" என்று கத்திவிட்டு, அன்று மாலையே வேறொரு நாயோடு வந்து நிற்பார்.

எனக்கு இந்தக் கொண்டாட்டம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் உள்ளுக்குள் ஒரு உறுத்தலும் இருந்தது. மாதக்கணக்கில் மடியில் போட்டு மருந்து தடவிய நாய், கிளம்பியதும் இந்த அம்மாவுக்கு எப்படி ஒரு சொட்டுக் கண்ணீர் வராமல் போகும்? மனைவியும் இதைச் சொன்னாள். "அக்காவுக்கு நாய் முக்கியமில்லைங்க, அனுப்புறதுதான் முக்கியம்." நானும் தலையாட்டினேன்.

பட்டாபிராம் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கப்புறம்தான். ஒருநாள் அக்கா இடது தோளில் கேனும் வலது கையில் நாயுமாக மூன்று மாடி ஏறி வந்தார். ஏதோ வண்டி ஏற்றி, பின்னங்கால் ஒன்றை ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தார்கள். வெள்ளை உடம்பு, ஒரு காதில் மட்டும் பழுப்பு.

"என் ஊட்ல மத்ததுங்க தள்ளி வுட்டுடுது நைனா. தையலு பிரிஞ்சிடும். ஒரு மாசம் வெச்சிக்க. எடம் பாத்துட்டு இட்டுகினு போறேன்."

ஒரு மாதம் மூன்று மாதமானது. எங்கள் குடியிருப்பில் லிப்ட் கிடையாது. மூன்று காலோடு அவனால் படி இறங்க முடியாது. ஒரு நாளைக்கு நாலு முறை அவனைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன், தூக்கிக்கொண்டு ஏறுவேன். இடுப்பு கழன்றுவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன், தூக்கும்போது அவன் தாடையை என் தோளில் வைத்துக்கொள்ளும் அந்த அழகு இருக்கிறதே, அதற்கு இன்னும் மூன்று மாடி ஏறலாம். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் என் லுங்கி நுனியில் படுத்துக்கொள்வான். நான் எழுந்தால் லுங்கி கூடவே வராது. என்னை அலுவலக மீட்டிங்கில் எத்தனை முறை மானபங்கப்படுத்தப் பார்த்தான் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

பிறகு பாரிவாக்கத்திலிருந்து ஒரு தம்பதியை அக்கா கூட்டிவந்தார். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். அந்தம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். தரைத்தளத்தில் சொந்த வீடு, காம்பவுண்டு, கேட்டு. அவர்கள் வளர்த்த நாய் வயசாகிச் செத்து ஒரு வருடமாகியிருந்தது. அந்தம்மா எங்கள் கூடத்தில் தரையில் உட்கார்ந்தார். நாயைத் தொடவில்லை, கூப்பிடவில்லை. அதுவாக வரட்டும் என்று ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் பட்டாபிராம் எழுந்து போய் அவர் புடவைத் தலைப்பை மோந்தான். அந்தம்மாவின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைப் பார்த்ததும் அக்கா என் தொடையில் ஓங்கித் தட்டினார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "பாஸு!"

இவனை என்னால் வைத்துக்கொள்ள முடியாது. மூன்று மாடி, லிப்ட் இல்லை, நானும் மனைவியும் மறுபடி அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தால் பகலெல்லாம் தனியாகக் கிடப்பான். எல்லாம் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. பாரிவாக்கத்திலிருந்து நீலப்பூ போட்ட போர்வை ஒன்று வந்தது. அதை அவன் படுக்கையில் விரித்தபோது, மனைவி குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, என் பழைய லுங்கி ஒன்றை நாலாக மடித்து அந்தப் போர்வைக்குள் வைத்து, நாலு மூலையிலும் நூல் ஓட்டிவிட்டேன். ஒரு வாரம் அவன் அதன் மேல்தான் படுத்தான். என்னை மறந்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு எந்த நியாயமும் என்னிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேசரி, இரண்டு முட்டை, தெரு முழுக்கக் கூட்டம். லேத்காரர் ஆட்டோ கொண்டுவந்திருந்தார். பட்டாபிராம் போர்வையோடு அந்தம்மா மடியில் ஏறிக்கொண்டான்.

"சொல்லு நைனா!"

"போலாம் ரைட்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"இன்னாது? பஸ்ஸு நவுராது. சத்தமா!"

இன்னொரு முறை முயன்றேன். தொண்டையிலிருந்து தவளைச் சத்தம்தான் வந்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். என்னை நகர்த்திவிட்டு, அவரே வண்டியைத் தட்டி, எனக்காகக் கத்தினார். ஆட்டோ போனது. பட்டாபிராம் தலையை வெளியே நீட்டி, திருப்பம் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு போனான். அக்கா தொடையில் தட்டவில்லை. "சீட்டு காலி"யும் சொல்லவில்லை. எனக்கோ, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், உள்ளே ஒரு குஷி.

மூன்றாம் நாள் கேன் போட வந்த அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

"துண்ணவே மாட்டேங்குதாம். போர்வைய வுட்டு நவுரலியாம். ஒரு வாரம் துணி இருந்துச்சே நைனா, எனக்கு ஒண்ணும் பிரியல."

நான் பாத்ரூமில் குழாய் திறந்து கிடக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் காலை ஆறரை மணிக்குக் கதவு இடிபட்டது. அக்காதான். பால்காரருக்குக் கேட்டைத் திறந்த ஒரு நிமிடத்தில் பட்டாபிராம் வெளியே போய்விட்டான். லேத்காரர் பைக்கில் தேடிக்கொண்டிருக்கிறார், அந்தம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். நான் சட்டைகூட மாற்றாமல் வண்டியில் ஏறினேன்.

அக்கா அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் காலி கேன்கள் உருண்டு முட்டிக்கொண்டன. பருத்திப்பட்டு தாண்டியது. அப்புறம் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"துணி எதுனா வெச்சியா?"

"இல்லக்கா."

"உன் துணி. எதுனா உள்ள வெச்சியா?"

"இல்லக்கா, சத்தியமா."

சத்தியம் வேறு செய்தேன். பூந்தமல்லி ரோடு அந்நேரத்துக்கே லாரிகளால் நிறைந்திருந்தது. ஒவ்வொரு லாரியின் அடியிலும் நான் வெள்ளையாக எதையாவது பார்த்தேன். பிளாஸ்டிக் பை, சிமெண்ட் காகிதம், ஒருமுறை யாருடைய செருப்போ. அக்கா வண்டியை மெதுவாக்கினார்.

"அது காலு போனது லாரியிலதான். ரோட்டு மேல வராது, ஓரமாத்தான் வரும். வெயிலு ஏறுனா நெழலுக்கு ஒதுங்கும். எடது பக்கம்தான் ஒதுங்கும், வலது பக்கம் திரும்புறப்போ அந்தக் காலு இல்லாம தடுமாறும். நீ அது வர்ற தெசைக்கு எடது பக்கம் பாரு."

மூன்று மாதம் தூக்கிச் சுமந்த எனக்கு இது தெரியாது. அடிக்கொருதரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவருக்குத் தெரிந்திருந்தது.

பாரிவாக்கத்திலிருந்து ஆவடி போகிற திசையில், கட்டி முடிக்காத ஒரு கடைக்கு முன்னால் மணல் கொட்டிக் கிடந்தது. அதன் இடது ஓரத்தில், தார்ப்பாயின் நிழலில், ஒரு பழுப்புக் காது.

அக்கா பிரேக் போட்ட வேகத்தில் என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. "நீ கூப்டு!" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். கூப்பிட்டேன். பட்டாபிராம் எழுந்தான். மூன்று காலில் மணலைச் சிதறடித்துக்கொண்டு ஓடிவந்து என் மேல் விழுந்தான். உடம்பெல்லாம் புழுதி, வாயில் நுரை. தாடையைத் தோளில் வைத்துக்கொண்டு அழுவது மாதிரி ஒரு சத்தம். அவன் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளானூருக்கு. என் வீட்டுக்கு. அந்த ரோட்டில்.

வண்டியில் ஏற்றிக்கொண்டு பாரிவாக்கம் போனோம். அந்தம்மா ஓடிவந்தார், பிறகு நின்றுவிட்டார். பட்டாபிராம் என் கழுத்தை விட்டு இறங்க மறுத்தான். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"அவனுக்கு நீங்கதான் வேணும் போல இருக்கு சார். நாங்க என்ன செஞ்சும் ஆகல. நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. எனக்கு அவன் உசுரோட இருந்தா போதும்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். லேத்காரர் அவர் முதுகில் கையை வைத்தார்.

அக்கா இதில் எதையும் பார்க்கவில்லை. கூடத்தின் மூலையில் கிடந்த நீலப்பூப் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஓரத்தில் நூல் பிரிந்து, பச்சைக் கட்டம் போட்ட துணி ஒன்று நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. போய்க் குனிந்து, ஒரே இழுப்பில் முழு லுங்கியையும் வெளியே எடுத்தார்.

"இது யாரு லுங்கி?"

லேத்காரர், தன்னுடையது இல்லை என்பதுபோல் கையை விரித்தார்.

"என்னுதுக்கா" என்றேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லுங்கியை என் கையில் வைத்துவிட்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அந்தம்மாவே சொல்லிவிட்டார், நாயும் என்னைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு வருடமாகப் பழைய நாயின் வெறும் தட்டைத் துடைத்து வைத்திருந்த அந்த வீட்டை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். தையல் மெஷினுக்கு அடியில் ஒரு சின்ன மெத்தை. படியே இல்லாத வாசல். கேட்டுக்கடியில் நாய் நுழைய முடியாதபடி புதிதாகப் பற்றவைத்த ஒரு கம்பி.

"தப்பு நாயோடது இல்லம்மா, உங்களோடதும் இல்ல" என்றேன். லுங்கி விஷயத்தைச் சொன்னேன். எதையும் மறைக்காமல், நூல் ஓட்டியது வரைக்கும் சொன்னேன். அந்தம்மா முந்தானையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். திட்டவில்லை. "இவ்ளோ ஆசையா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"பேரு வெச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பஞ்சு" என்றார்.

"நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருங்க."

அவனை அவர் மடியில் இறக்கினேன். அவர் "பஞ்சு, பஞ்சு" என்றார். அவன் என்னைத்தான் பார்த்தான். ஆனால் அந்தப் பழுப்புக் காது மட்டும் அவர் பக்கம் திரும்பியது. எனக்கு அது போதும் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். லுங்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டியின் பின்னால் கேன்களுக்கு நடுவில் ஏறி நின்றேன். இந்த முறை கிளம்புவது நான். பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினேன்.

"போலாம் ரைட்!"

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். வண்டி கிளம்பியது. பின்னால் அவன் குரைத்தது கேட்டது. அந்தத் தெரு முடிகிற வரைக்கும் நான் முன்பக்கம் மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பருத்திப்பட்டில் டீ குடிக்க நிறுத்தினார் அக்கா. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படித் துணி என்று கண்டுபிடித்தார் என்பதை நான் கேட்காமலே சொன்னார்.

"மொத மொதல்ல ஒண்ண வளத்தேன். திருமழிசைக்குக் குடுத்தேன். மனசு கேக்காம என் பொடவயக் கிழிச்சி கூட வெச்சி அனுப்புனேன். அது என்னத் தேடிகினு வந்துச்சி. நம்ம ஊடு வரைக்கும் வரல, ரோட்லயே அடிபட்டு பூட்ச்சி." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அதுக்கு மட்டும்தான் பேரு வெச்சேன்."

என்ன பெயர் என்று கேட்டேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு வண்டியில் ஏறி ஹாரன் அடித்தார்.

அப்புறம் எத்தனையோ ஞாயிறுகள். அவர் எக்கி எக்கி நின்று, "திரும்பிப் பாக்குதா?" என்று உலுக்கும்போதெல்லாம் எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. பார்க்கவில்லை என்றால் அது உயிரோடு இருக்கும். அவ்வளவுதான் அவருக்கு. அதற்குத்தான் அந்தக் கேசரி, அந்தக் கூச்சல், அந்தத் தொடைத் தட்டல் எல்லாம். நானும் பக்கத்து வீட்டுக்காரர் தொடையைத் தட்டப் பழகிக்கொண்டேன்.

கொடுத்த நாயை ஆறு மாதத்துக்குப் போய்ப் பார்க்கக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். பஞ்சுவுக்கு ஆறு மாதம் முடிந்த மறுநாளே நான் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். போகிற வழியெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் கால் தரையில் பாவவில்லை. "கேசரி எடுத்துகினியா? முட்ட எடுத்துகினியா?" என்று நாலு முறை கேட்டார். ஆனால் பாரிவாக்கத்தில் அவர்கள் தெருமுனை வந்ததும் டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"நான் இங்கயே கீறேன். நீ போய்ப் பாத்துட்டு வா."

கேட்டைத் தொட்டேன். உள்ளிருந்து ஒரே குரைப்பு. யாரோ அந்நியன் வந்துவிட்டான் என்று பஞ்சு எகிறினான். நன்றாகச் சதை போட்டிருந்தான், ரோமம் பளபளத்தது. லேத்காரர் கேட்டைத் திறந்தார். அவன் என் காலை மோந்தான். மறுபடி மோந்தான். அப்புறம் என்ன ஆட்டம்! மூன்று காலில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான், கையை நக்கினான், குட்டி மாதிரி முனகினான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தாடையை என் தோளில் வைத்தான்.

அப்போது தெருவில் ஒரு பேச்சுக்குரல் கேட்டது. அந்தம்மா கடைக்குப் போய்விட்டு யாரிடமோ பேசிக்கொண்டே வந்துகொண்டிருந்தார். பஞ்சுவின் காது முதலில் அந்தப் பக்கம் போனது. அப்புறம் தலை. அப்புறம் மொத்தமாக என் தோளை விட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடினான். அவர் உள்ளே வந்ததும் பையில் தலையை விட்டு, வெண்டைக்காயைக் கவ்வி இழுத்து, அவரிடம் ஒரு அடி வாங்கி, அவர் காலைச் சுற்றிக்கொண்டே சமையலறை வரைக்கும் போனான். நான் கேசரியைக் கொடுத்தேன், இரண்டு வார்த்தை பேசினேன், விடைபெற்றேன். கேட்டைச் சாத்திய சத்தம்கூட அவனுக்குக் கேட்கவில்லை. உள்ளே வெண்டைக்காய்த் தகராறு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

தெருமுனைக்கு நான் நடந்து வரவில்லை, ஓடி வந்தேன். அக்கா பாதி உடம்பு வண்டிக்கு வெளியே தொங்க நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சி? பின்னாலயே வந்துச்சா? திரும்பிப் பாத்துச்சா?"

"இல்லக்கா!"

"ஒருவாட்டி கூட?"

"ஒருவாட்டி கூட இல்லக்கா! கேட்டு வரைக்கும்கூட வரல! கண்டுக்கவே இல்ல என்ன!"

அக்கா கீழே குதித்தார். தொடையில் தட்டினார், என் தொடையில் தட்டினார், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவர் தொடையிலும் தட்டினார். "இன்னாம்மா விசேஷம்?" என்றார் டீ மாஸ்டர். "எங்க பையன் எங்களக் கண்டுக்கல! எல்லாருக்கும் டீ போடு!" என்றார் அக்கா. நான் சிரித்தேன், கண்ணில் தண்ணி வந்தது, அவர் கேவலப்படுத்தவில்லை.

டீ முடிந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். "நீங்களும் ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு வாங்கக்கா" என்றேன். "உங்களையும் கண்டுக்க மாட்டான்."

"வேணாம் நைனா."

"ஏங்க்கா? சும்மா கேட்டு வரைக்கும்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அது வராது, எனக்குத் தெரியும். நான் போனா ஏத்திகினு வந்துடுவேன்."

சாவியைப் போட்டார். வண்டி உறுமியது. ஆனால் நகரவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அந்தத் தெருவின் உள்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றிருந்தது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தகரத்தில் இரண்டு தட்டு தட்டினேன். பாரிவாக்கம் முழுக்கக் கேட்கும்படி அவருக்காகக் கத்தினேன்.

"போலாம் ரைட்!"

அக்கா கியரைப் போட்டார்.